இடிந்தால்தான் அழகா?

கேள்வி: மதுரை திருமலை நாயக்கர் மகாலை அந்தக்கால வெள்ளைக்கார ஓவியர்கள் இடிபாடாகவே வரைந்திருக்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகி, சிராங்கூன் ரோடு

பதில்: வீடு முழுசாக இருந்தால் தரகர் வருவார், இடிந்தால்தான் ஓவியர் வருவார்! 1636-இல் எழுந்த மகாலைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் வேறு யாருமல்ல, நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாதர். மிச்சமிருந்ததைத்தான் 1792-இல் ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பார்த்தார்கள். பாழடைந்த மண்டபம் என்றால் ஐரோப்பா உருகிய காலம் அது. ஊர் திரும்பி, செப்புத்தகட்டில் செதுக்கி, நீர்வண்ணச் சாயலில் அச்சிட்டு விற்றார்கள். அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி'யில் மொத்தம் 144 படங்கள். மகாலைப் பிறகு பழுதுபார்த்தவர் சென்னை கவர்னர் நேப்பியர்.

அரண்மனை பார்க்க மதுரைவரை போவானேன்? நம் ஆர்ச்சர்ட் ரோடு இஸ்தானாவுக்கு மலாயில் பொருளே அரண்மனைதான். 1869-இல் முடிந்த அதில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் வியர்வையும் உண்டு. தீபாவளியை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள், போய்ப் பாருங்கள். தூரிகை மட்டும் வேண்டாம், ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை!