அரைநாள் எனும் வினைத்தொகை: மாமல்லபுரச் சுற்றுலா குறித்து ஓர் ஆராய்ச்சி

வெனிஸ் நகருக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் 1987இல் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் அதற்கு 2010 வரை காத்திருந்தது. நம் மாமல்லபுரமோ 1984லேயே பட்டத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. ஊருக்கு முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாய். ஆக, மூன்றில் மூத்தது நம்முடையது. ஆனால் மற்ற இரண்டு ஊர்களிலும் அரைநாள் சுற்றுலா என்றால் படகில் ஏற்றுகிறார்கள். இங்கே வேனில் ஏற்றுகிறார்கள். இந்த முரண்பாட்டை அறிஞருலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கும் பொருட்டு, செங்கல்பட்டில் பணம் கட்டி, கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்ந்து யாம் செய்த களஆய்வின் முடிவுகள் கீழே தரப்படுகின்றன.

முதலில் சொல்லாராய்ச்சி. அரைநாள் என்றால் நாளில் பாதி என்று பாமரர் கருதுவர். பிழை. ஊறுகாய், சுடுசோறு போல அரைநாள் என்பதும் வினைத்தொகை. அரைத்த நாள், அரைக்கின்ற நாள், அரைக்கும் நாள் என விரியும். முதலாவது, வீடு திரும்பியவர்களுக்கு. இரண்டாவது, வேனுக்குள் இருப்பவர்களுக்கு. மூன்றாவது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு. அரை என்றால் இடுப்பு என்றும் ஒரு பொருள் உண்டே எனச் சிலர் மறுக்கலாம். அதை யாமும் மறுக்கவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடைசி வரிசையில் குலுங்கி வந்தவருக்கு இறங்கும்போதே அந்தப் பொருளும் விளங்கிவிடும்.

இனிக் கால அளவை. காலை எட்டு முதல் ஒரு மணி வரை என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. எட்டு மணி வேன் எட்டே முக்காலுக்குப் புறப்பட்டது, ஒரு குடும்பத்தின் மருமகன் வரவேண்டியிருந்ததால். வந்த மருமகன் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. மாமியார் சாப்பிடாத மருமகனோடு சிற்பம் பார்க்கச் சம்மதிக்கவில்லை. இட்லிக்கு இருபத்தைந்து நிமிடம். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் நிறுத்தியது ஒரு கற்சிலைக் கடை வாசலில். உள்ளே கைடு டீ குடித்துக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளங்கை அகலப் பிள்ளையாருக்கு விலை கேட்டு அதிர்ந்துகொண்டிருந்தோம். பின்கட்டில் ஓர் இளைஞர் கண்ணாடி மாட்டி, மூக்கைத் துண்டால் கட்டி, மெஷினை நந்தியின் கழுத்தில் வைத்திருந்தார். வெள்ளைத் தூள் புருவம்வரை படிந்திருந்தது. ஒருகாலத்தில் இந்தத் தெருவில் உளிச்சத்தம்தான் கேட்கும். இப்போது கேட்பது கல்லை அரைக்கும் சத்தம். மேற்படி சொல்லாராய்ச்சிக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமோ?

பல்லவர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகச் செதுக்கியவற்றுக்கு மிச்சமிருந்தது இரண்டு மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு.

இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் கைடின் புலமை வெளிப்படுகிறது. கைடுகளின் பல்லவ வரலாறு பாதி கல்வெட்டு, பாதி கல்கி. பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சார், இது அர்ச்சுனன் தபசு. சிலபேரு பகீரதன் தவம்னும் சொல்வாங்க. எதுவா இருந்தாலும் போட்டோ இங்க நின்னு எடுத்தாதான் நல்லா வரும்.” அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட சிக்கல் மூன்று வாக்கியத்தில் தீர்ந்துபோனது. இது சமணச் சிற்பம் என்று மயிலை சீனி. வேங்கடசாமி தனி நூலே எழுதியிருக்கிறார். அந்தக் கட்சிக்கு அன்று நேரம் ஒதுக்கப்படவில்லை. எந்த மன்னன் எதைச் செய்தான் என்பதிலும் அப்படித்தான். ஊரிலுள்ள எல்லாமே ராசசிம்மன் பணிதான் என்று 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி ஒரு குண்டைப் போட்டார். எங்கள் கைடோ, நேரம் இருந்தால் மூன்று மன்னர்கள், பசி எடுத்துவிட்டால் எல்லாம் மாமல்லன் என்ற நடுநிலைக் கோட்பாட்டைப் பின்பற்றினார்.

ஒன்று சொல்லவேண்டும். நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் நம்பிக் கூடிய எலிகளையும் அவர் காட்டிய விதம் அருமை. விரலை நேராக நீட்டவில்லை. யானையிலிருந்து மெல்ல நகர்த்திக் கீழே கொண்டுவந்தார். எல்லாருக்கும் ஒரே நொடியில் சிரிப்பு வந்தது. மருமகன்கூடச் சிரித்தார்.

அடுத்தது வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில் நிற்கும் இதன் எடை சுமார் 250 டன் என்கிறார்கள். இங்கு வருவோர் இரு கட்சியினர். பாறையை மேல்நோக்கித் தள்ளுவது போலப் படம் எடுப்போர் தள்ளுவோர் கட்சி. உருண்டுவிடாமல் முதுகு கொடுப்போர் தாங்குவோர் கட்சி. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுக்கச் சொன்னதாகவும், பாறை அசையவில்லை என்றும் ஒரு கதை உண்டு. அவரைத் தனியாக இழுப்போர் கட்சியில் சேர்க்கலாம். தொண்டர்கள் இல்லாத கட்சி. 2019 அக்டோபரில் பிரதமர் மோதியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இதன் முன் நின்று ஒருவர் கையை ஒருவர் பற்றி உயர்த்தினார்கள். தள்ளவும் இல்லை, தாங்கவும் இல்லை. அணிசேராக் கொள்கையை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

ஐந்து ரதங்களில் ஒரு பாட்டி கைடைப் பிடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, இதுல சாமி எங்க?”

“இங்க பூசை கிடையாது பாட்டி. வேலையே முடியலை, அப்படியே விட்டுட்டாங்க.”

“அப்ப எதுக்கு நாப்பது ரூபா டிக்கெட்டு?”

ஆராய்ச்சியின் மையக் கருத்து இந்த உரையாடலில்தான் பிறந்தது. ஐந்து ரதங்கள் முற்றுப்பெறவில்லை, குடமுழுக்கும் கண்டதில்லை. பெயரைத் தவிரப் பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குன்றின் மேல் பிற்காலத்தில் தொடங்கிய ராயகோபுரமும் பாதியில் நிற்கிறது. ஆகவே அரைநாள் சுற்றுலா அரைகுறையாக முடிவதை நேரக்குறைவு என்று இழித்துரைப்பது வரலாறு அறியாதோர் செயல். முடிக்காமல் விடுவது இவ்வூரின் மரபு. சுற்றுலா நிறுவனங்கள் அம்மரபைச் சிந்தாமல் சிதறாமல் காத்துவருகின்றன. பூசை நடக்கும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போகலாமா என்று பாட்டி கேட்டார். பூதத்தாழ்வார் பிறந்த தலம் அது. பெருமாள் பாம்பணை இல்லாமல் தரையிலேயே பள்ளிகொண்டிருப்பார். கைடு மணியைப் பார்த்தார். “நடை சாத்திடுவாங்க பாட்டி.” மரபு காக்கப்பட்டது.

இனி, கால்வாய். திரும்பும் வழியில் வேன் பாலம் ஏறியது. ஒரு சிறுவன் சன்னலில் மூக்கை அழுத்தி, “அண்ணே, அது என்ன ஆறு?” என்றான்.

“ஆறு இல்ல தம்பி, வாய்க்கா.”

ஐந்து மணிநேரத்தில் கால்வாயைப் பற்றி வந்த சொற்பொழிவு முழுவதும் இவ்வளவே. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் வெட்டாகத் தொடங்கியது இது. தாதுவருடப் பஞ்சத்தில், 1877-78இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டுக் கூலிக்கு வந்த சனங்கள். பேர் மட்டும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் படகில் போன பாதை. 1965, 66 புயல்களில் பலத்த அடி வாங்கியது. ஆனாலும் 2004 சுனாமியில் கரையேறி வந்த நீரைப் பல இடங்களில் தன்னுள் வாங்கிக்கொண்டது இந்த வாய்க்கால்தான்.

அதைவிட முக்கியம், மாமல்லபுரச் சுற்றுலாவே ஒருகாலத்தில் இதன் வழியாகத்தான் நடந்தது. அந்நாளைய பயணிகள் சென்னையில் மாலையில் படகேறி, தூங்கி விழித்து இங்கே இறங்கினார்கள். 1934இல் பாரதிதாசன் தோழர்களோடு நிலவொளியில் இதே நீரில் படகில் வந்து ‘மாவலிபுரச் செலவு’ பாடினார். அவரும் இதை வாய்க்கால் என்றுதான் சொல்கிறார் என்பதால் எங்கள் கைடின் விடை இலக்கிய ஆதாரம் உடையது. பாவேந்தருக்கு ஓர் இரவு பிடித்த நீரைக் கடக்க எங்கள் வேனுக்கு ஒன்பது விநாடி பிடித்தது, கைக்கடிகாரத்தில் பார்த்தேன். கீழே ஆகாயத்தாமரை நடுவே ஒரு நீர்க்காகம் சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டலாம் என்று திரும்பினால் சிறுவன் தூங்கியிருந்தான். வேன் முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது, ஓட்டுநர் நீங்கலாக.

மாமல்லபுரச் சுற்றுலா வேன் எதுவும் கால்வாய்ப் பாலத்தில் நிற்காது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். எங்காவது, எந்த வேனாவது ஒரு நிமிடம் நின்றதாக அறிந்தவர்கள் தேதியும் நேரமும் குறித்து ஓர் அஞ்சலட்டை போடவும். கட்டுரையைக் கிழித்துப்போட்டுவிடுகிறேன்.