ஏழாவது உயில்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் தொகுதியை 1955 முதல் 2015-இல் மறையும் வரை கையில் வைத்திருந்த லீ குவான் இயூ சட்டம் படித்தவர். கடைசியாக எழுதியது ஏழாவது உயில். நாட்டையே ஒழுங்குபடுத்தியவரின் 38 ஆக்ஸ்லி சாலை வீட்டை இடிப்பதா, வைப்பதா என்ற பிள்ளைகளின் சண்டை மட்டும் அடங்கவில்லை. 2017-இல் நாடாளுமன்றமே இரண்டு நாள் உட்கார்ந்து பேசியது. 2018-இல் அமைச்சர் குழு மூன்று வழிகளைச் சொல்லி, முடிவை வருங்கால அரசின் தலையில் வைத்தது. 2024-இல் இளைய மகன் இடிக்க விண்ணப்பித்தார். 2025-இல் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக்கக் கிளம்பியது.

இத்தனைக்கும் பிள்ளைகள் மூவரே. நம் வீடுகளில் சித்தப்பா, அத்தை, ஊர்க்காணிக்குப் பங்கு கேட்கும் மச்சான் என்று பட்டியல் நீளும். உயிலே எழுதாதவர்களை என்ன சொல்ல! எழுதியவர்களும் கவனியுங்கள்: மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது. அதற்குத் தனியாக நியமனம் செய்யுங்கள்.