மொசக்கறியும் மாப்பிள்ளை உடம்பும்

வாங்க மாப்ளே, உக்காருங்க. பாத்து, கட்டில் கயிறு பழசு. ஜிம்முக்குப் பணம் கட்டியும் உடம்பு தேறலேன்னு மொசக்கறி தேடி ஊருக்கு வந்திருக்கீகளாமே, உங்க அத்தை சொன்னா. நல்ல யோசனைதான். காட்டுக்கறியில சத்தில்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும்.

காட்டு மொசக்கறி 100 கிராமுல 22 கிராம் புரதம். கொழுப்பு ரெண்டு, ரெண்டரை கிராம் இருந்தா அதிகம். மான்கறிக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. கறி கருஞ்செவப்பா இருக்கும், இரும்புச்சத்தும் உண்டு. பின்னே, நாய்க்கும் நரிக்கும் பயந்து பொழுதெல்லாம் ஓடுற காலு. ஓட்டத்துக்கு வேண்டிய ஆக்சிஜனைப் புடிச்சு வைக்கிற செவப்புதான் கறியில தெரியுது. அதுக்குக் கொழுப்புப் போட நேரமேது?

உங்க பாட்டனாரு ஒத்தை மொசலுக்கு ரெண்டு ஊரு எல்லை தாண்டி ஓடுவாரு. கறி வட்டிலுக்கு வர்றதுக்குள்ள உடம்பு காட்டுலேயே முறுக்கேறிரும். நீங்க பைக்குல போயி லைட்டடிச்சுப் புடிச்சா, பலம் பைக்குக்குத்தான் ஏறும்.

சரி, தினம் மொசக்கறியே தின்னா? ஸ்டெஃபான்சன்னு ஒருத்தரு, வடதுருவப் பக்கம் சுத்துனவரு, 1928ல நியூயார்க்குல ஆஸ்பத்திரிக்காரங்க பாக்கக் கறி மட்டுமே தின்னு காட்டுனாரு. கொழுப்பில்லாக் கறியா குடுத்தாங்க, கொஞ்ச நாளுலேயே வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. கொழுப்பைச் சேத்ததும் தேறிட்டாரு. அந்தப் பனிக்காட்டு ஆளுக இதுக்கு மொசப்பட்டினின்னே பேரு வச்சிருக்காங்க. வயிறு முட்டத் தின்னுட்டுப் பட்டினி கிடக்குறது! அந்த யோகம் யாருக்கு வாய்க்கும்?

உடும்பு மேலயும் ஒரு கண்ணு இருக்கும்போலயே. 1972 வன உயிரினச் சட்டத்துல அது முதல் அட்டவணை, புலிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. தொட்டா 3 வருசத்துலேருந்து 7 வருசம் உள்ள. மொசலும் அதே சட்டத்துக் காவல்லதான். உடம்பு எளைக்க ஜெயிலு நல்ல இடம், கேக்கணுமா!

ரோட்டோரக் கடையில காடைன்னு போர்டு பாத்து ஏமாந்திராதீக. அது பண்ணையில பொரிச்ச ஜப்பான் காடை. உங்களை மாதிரியே வெயிலு கண்டிருக்காது.

தோலுரிச்ச கோழி நெஞ்சுக்கறியிலயும் அதே 22 கிராம்தான் மாப்ளே, கொழுப்பும் அதே அளவுதான். அத்தை மசாலா அரைச்சு வச்சிட்டா. அந்தா, படப்படியில மேயுது பாருங்க வெடைக்கோழி, புடிச்சாந்து குடுங்க. நாட்டுக்கோழி, கொஞ்சம் ஓடும். செருப்பைக் கழட்டி வச்சிட்டுப் போங்க.