ஒரு கிண்ணம் கஞ்சி

சிங்கப்பூரின் காத்தோங்கில் கல்யாணப் படம் எடுப்பதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது, கூன் செங் சாலை. இளநீலமும் இளஞ்சிவப்புமாக வரிசைகட்டி நிற்கும் பெரானாக்கான் வீடுகளின் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். வாடகைக் கோட்டுக்குள் மாப்பிள்ளை வெந்துகொண்டிருப்பார். பெண்ணின் முந்தானையை ஒருவர் தூக்கித் தூக்கிக் காற்றில் வீசிக்கொண்டிருப்பார். அடுத்த ஜோடி ஓரமாக நின்று முகம் துடைத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஜூ சியட் சாலை வழியாக நடந்தால் ஈஸ்ட் கோஸ்ட் சாலை வரும். கீழே லக்சா மணக்கும் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒரு லாயர் ஆபீஸ். கட்டியதை அவிழ்க்கும் இடம் அது. படம் எடுத்த செருப்போடே நடந்து போய்விடலாம்.

அந்த மாடிப்படியில் நான் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். எனக்காக இல்லை. எங்கள் பிளாக்கில் ஐந்தாம் மாடிப் பெண்ணுக்கு மொழிபெயர்க்க. மன்னார்குடிப் பக்கத்துப் பெண். 2012இல் சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். பிள்ளை இல்லை. அதற்கு யார் காரணம் என்று இரண்டு குடும்பத்திலும் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அப்பீலுக்கு இடமே வைக்காமல்.

முதல் தடவை போனது 2021இல். லாயர் நல்ல மனிதர். எடுத்த எடுப்பில், “சம்பவம் சொல்லுங்கம்மா. தேதியோட. ஏழெட்டு இருந்தா நல்லது” என்றார்.

“அவரு பேசமாட்டாரு சார்.”

“பேசாதது சம்பவம் ஆகாதும்மா. அடிச்சாரா? குடிக்கிறாரா? வேற யாரும் உண்டா?”

அவள் யோசித்தாள். புருஷனிடம் ஒரு குற்றம்கூட இல்லையே என்று வெட்கப்பட்டவள்போல என்னைப் பார்த்தாள். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையின் முகம்.

சட்டம் அப்படி. 1961இல் மாதர் சாசனம் வந்தது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. அதற்கு முன்னால் இந்த ஊரில் ஓர் இந்து ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், சீன ஆணும்தான். 1908இல் ‘ஆறு விதவைகள் வழக்கு’ என்றே பெயர் வாங்கிய வழக்கு ஒன்று நடந்தது. சூ எங் சூன் என்ற செல்வந்தர் இறந்தபின் ஆறு பெண்கள் நானும் மனைவிதான் என்று வந்து நின்றார்கள். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டவரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. ஒருத்தி ஒருவனை விட்டுப் போவதற்குத்தான் தேதி போட்ட சம்பவங்கள் வேண்டும்.

மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதை நாங்கள் போன 2021இல் ஐந்தில் ஒரு வழியாக நிரூபிக்க வேண்டும். தகாத உறவு, சகிக்க முடியாத நடத்தை, இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் 3 வருஷப் பிரிவு, ஒத்துக்கொள்ளாவிட்டால் 4 வருஷப் பிரிவு. ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை, போதும்’ என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. ஆகவே எத்தனையோ கண்ணியமான ஜோடிகள் லாயர் ஆபீசில் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் சேறு பூசக் கற்றுக்கொண்டார்கள். அஃபிடவிட் என்ற பெயரில் இந்த நாட்டில் எழுதப்பட்ட கற்பனைக்கு யாராவது இலக்கியப் பரிசு கொடுத்திருக்கலாம்.

இவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “அப்போ பிரிஞ்சிருங்க. மூணு வருஷம்” என்றார் லாயர்.

எங்கே பிரிவது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு அவள் புருஷன் பெயரில். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவள் பெயரை அதில் உரிமையாளராகச் சேர்க்க முடியாது. கூடக் குடியிருப்பவள், அவ்வளவுதான். வெளியே ஓர் அறைக்கு வாடகை கொடுக்க அவளிடம் ஏது பணம்? லாயர் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரே கூரைக்குக் கீழேயே பிரிந்து வாழலாமாம். கோர்ட் ஏற்றுக்கொள்ளுமாம். ஒன்றாகச் சாப்பிடக் கூடாது, அவருக்குச் சமைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, தனி அறையில் படுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. 1966இல் நிரப்ப ஆரம்பித்து, அந்த மண்ணில் மரின் பரேட்டை எழுப்பினார்கள். கடலையே தள்ளி வைத்த ஊர். ஒரு பெண் புருஷனைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் மட்டும் சோற்றுப் பானையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். அடுப்பு மேடையில் இரண்டு ரைஸ் குக்கர். அவருடையது வெள்ளை, இவளுடையது முஸ்தபா கடையில் வாங்கிய சிவப்பு. குளிர்பதனப் பெட்டியில் மேல்தட்டு அவருக்கு, கீழ்த்தட்டு இவளுக்கு. முட்டை அட்டையில்கூட டேப் ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தது. வாஷிங் மெஷினுக்குக் கிழமை பிரித்திருந்தார்கள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. இரண்டு நாட்டுத் தூதரகம் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல இருந்தது. செவ்வாய்க்கிழமை சிலோன் சாலை செண்பக விநாயகர் கோவிலுக்கு மட்டும் ஒன்றாகப் போவார்கள். மாமியார் வருவார் என்பதால்.

2023இல் புருஷனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. இவள் தன் சிவப்புக் குக்கரில் கஞ்சி வைத்து, ஊறுகாயோடு அறை வாசலில் வைத்தாள். கதவைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள்.

பிறகு பயம் வந்துவிட்டது. “கேஸ் கெட்டுப்போகுமா அக்கா?” ஒரு கிண்ணம் கஞ்சியால் எந்த வழக்கும் கவிழாது. இடையில் ஆறு மாதம் வரை மறுபடி சேர்ந்து இருந்து பார்த்தாலும் பிரிவின் கணக்கு அறுபடுவதில்லை. அந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுத்ததற்காக ஒரு பெண்ணை ராத்திரியெல்லாம் முழிக்க வைத்ததே, அந்த ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்து வகுத்தவர்களை ஒரு வாரம் அந்த அடுப்படியில் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது எனக்கு.

மூன்று வருஷம் முடியப் போகும் நேரத்தில் சட்டம் மாறியது. 2024 ஜூன் 23ஆம் தேதி எம்ஆர்டி ரயில் காத்தோங்குக்கு வந்தது. அடுத்த வாரம், ஜூலை 1ஆம் தேதி, பரஸ்பர உடன்பாட்டு விவாகரத்தும் வந்தது. இனி யார்மேலும் குற்றம் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் போதும். எங்கள் பேட்டைக்கு ஒரே மாதத்துக்குள் இரண்டு போக்குவரத்து வசதி. மன்னார்குடியில் 1976இலிருந்து இருப்பது இந்தப் பரஸ்பர விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தில் அந்த வருஷமே 13ஆ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். உலகத்துக்கே ஒழுங்கு சொல்லிக்கொடுக்கும் சிங்கப்பூருக்கு அந்த யோசனை வந்து சேர 48 வருஷம்.

சந்தோஷமாகத்தான் மாடிப்படி ஏறினோம் இரண்டாம் தடவை. லாயர் எல்லாம் சொன்னார். பன்னிரண்டு வருஷம் வீட்டைப் பார்த்துக்கொண்டதற்கும் பங்கு உண்டு, வீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்கலாம். அப்பா அம்மா போட்ட நகை அவளுடையது, சொத்துப் பங்கீட்டில் வராது. (சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது, புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் மாமியாரின் அலமாரிக்குத் தெரியவில்லை.)

“கேட்டா கிடைக்கும்மா. ஆனா கேக்கறதுக்கு நீங்க இங்க இருக்கணும். பாஸ் எப்ப முடியுது?”

ஐந்து மாதத்தில் முடிகிறது. நீண்டகால வருகை அனுமதி, அதற்கு ஸ்பான்சர் அவள் புருஷன். அவர் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டு, “இதுல சைன் பண்ணினா அடுத்த ரினியூவல் பண்றேன். இல்லாட்டி உன் இஷ்டம்” என்றார். நகை, வீடு, ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் என்று தாளில் இருந்தது. வழக்காட வேண்டுமென்றால் லாயருக்கு முன்பணம் கட்ட வேண்டும். இல்லாதவர்களுக்கு அரசாங்கமே லாயர் வைத்துக் கொடுக்கும் சட்ட உதவி அலுவலகம் 1958இலிருந்து இருக்கிறது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். இவள் பன்னிரண்டு வருஷ விருந்தாளி.

பரஸ்பரமாம்! ஒருவர் மற்றவரின் தலைக்கு மேலே கூரையும் காலுக்குக் கீழே மண்ணும் வைத்திருக்கிறார், மற்றவர் கையில் ஒரு பேனா. அதற்குப் பரஸ்பரம் என்று பெயர் வைத்து, நாகரிகமான விவாகரத்து என்று நாமெல்லாம் கைதட்டினோம்.

மூன்றாவது தடவை ஏறியது வேறு மாடி, வேறு லாயர், அவள் புருஷனுடையவர். நகரத்தில் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட். அந்த லாயர் மிக மரியாதையாக, “நான் அவருக்காகத்தான் பேசறேன். நீங்க தனியா ஒரு லாயரைப் பாத்துக்கறது நல்லது” என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் அவர் கடமை முடிந்தது. பிறகு, “சுயவிருப்பத்தோட கையெழுத்துப் போடறீங்களா?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு கூசிக்கொண்டு ஒரு வார்த்தையை நான் தமிழில் சொன்னதில்லை.

புதிய முறையில் கோர்ட்டுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: ஏன் முறிந்தது, பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு, சேர்ந்து வாழ என்ன முயற்சி எடுத்தார்கள். இன்னும் சேர வாய்ப்பிருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால் தரமாட்டார். முயற்சி என்ற இடத்துக்கு வந்ததும் லாயர் நிமிர்ந்தார்.

அவள் முதல்முறையாகத் தானே வாயைத் திறந்தாள். “காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வெச்சேன்.”

லாயர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வேணாம்” என்றார் லாயர். “அதைப் போட்டா இன்னும் சேர்ந்துடுவாங்கன்னு ஜட்ஜ் நினைச்சிருவாரு.”

பிறகு விசைப்பலகையில் தட்டினார். குடும்பப் பெரியவர்கள் பலமுறை பேசிப் பார்த்தார்கள், பலனில்லை.