கொல்லைப்புறத்தில் பந்தும் பந்தலும்: ஒரு கள ஆய்வு

கத்தரிச் செடிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் நில விஷயத்தில் ஒரே ரசனை. வெயில் படவேண்டும், மேடு பள்ளம் கூடாது, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கவேண்டும். தமிழ்நாட்டுக் கொல்லைப்புறத் தகராறுகள் அனைத்தும் இந்த ஒற்றுமையில் பிறந்தவையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். துறை அறிஞர்கள் (பாட்டிகள் என்று வாசிக்கவும்) இதை இதுவரை மறுக்கவில்லை.

முதலில் அளவை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நகரத்தில் பல குடும்பங்களுக்கு வாய்ப்பது அதில் பாதிதான். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி. இருபதுக்கு அறுபது மனையில் வீடே கட்டாமல் விட்டாலும் 6 அடி இடிக்கும். இதற்குச் சிறுவர் சட்டசபை கண்ட தீர்வு வியப்புக்குரியது. பிட்சைச் சுருக்கியதோடு, "செடிக்குள்ள போனா அவுட்" என்ற மசோதாவையும் நிறைவேற்றியது. முள்வேலியும் அதட்டலும் சாதிக்காததை இந்த ஒற்றை வரி சாதிக்கிறது. எனவே மட்டையாளர் ஆசையாகச் சுழற்றும் லெக் சைடில் பாத்தி கட்டுவதே முறை. அங்கே கீரை உத்தமம். மிதிபட்டாலும் மறுபடி தூவிய சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

பந்தல் இன்னும் நுட்பமானது. ஆறடி உயரத்தில் போட்டால் மேலே கொடி, கீழே நிழலில் பல்லாங்குழி என்று கொள்கை சொல்லும். நடைமுறையில் குறுக்கே வருவது புடலங்காய். பிஞ்சு சுருளாமல் நீள்வதற்கு நுனியில் கல் கட்டுவது வழக்கம். நீளப் புடலையோ ஐந்தடிவரை இறங்கும். ஆகவே அந்தக் கல் முதலில் பிளஸ் டூ அண்ணன் நெற்றி, அடுத்து எட்டாம் வகுப்பு அக்கா நெற்றி, கடைசியாக யு.கே.ஜி. தம்பி நெற்றி என வயது வரிசை தவறாமல் எல்லோரையும் விசாரித்த பிறகே சமையலறைக்குப் போகும். குட்டைப் புடலை என்று ஒரு ரகம் இருப்பதைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க.

மரம் என்றால் முருங்கை என்பார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 விதைத்த ஆறே மாதத்தில் காய்க்கும், உண்மை. ஆனால் முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் அடிமரத்தில் கூட்டம் போடும். ஏறுவதற்குக் கொய்யாதான்: தாழ்வாகக் கவை பிரியும், கிளை வளைந்து கொடுக்கும். பழத்தை மட்டும் வருமானக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது காயாக இருக்கும்போதே மிளகாய்த்தூளோடு மறைந்துவிடும். துவைக்கிற கல் தண்ணீருக்கு வாழை, அதில் விவாதமில்லை. அரளி கூடவே கூடாது. இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. இந்த இடத்தில் மட்டும் ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இவ்வளவு வரைபடமும் தேவையா? பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் அருகருகே வைத்தால் வேறொன்று புலப்படுகிறது. ஆடிப்பட்டம் ஜூலை நடுவில் தொடங்குகிறது. அதற்குள் பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். விதை முளைக்கும்போது விளையாட்டு வீரர் வகுப்பில் இருப்பார். கொடி அவரை பனியில் காய்த்து ஓய்ந்து, சித்திரையில் பாத்தி காய்ந்து கிடக்கும்போது முழுஆண்டு விடுமுறை வரும். அப்போது கொத்திக் கிளறிய மண்ணை மிதித்துச் சமன் செய்ய ஆள் தேடவேண்டியதில்லை. நிலத்தைக் கூறுபோடுவதைவிட வருஷத்தைக் கூறுபோடுவது செலவில்லாத வேலை.

இக்கோட்பாட்டில் ஓட்டை ஒன்றுதான்: அரையாண்டு விடுமுறை. அது அவரை பூத்துக் குலுங்கும் மார்கழியில் வந்து தொலைக்கிறது. டென்னிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையாது; ஒரு வீச்சில் பூங்கொத்தே போய்விடும். அந்தப் பத்து நாளுக்கு இறகுப்பந்து பரிந்துரைக்கப்படுகிறது. எடை ஐந்தரை கிராமுக்கு மேல் போகாது, எந்தப் பூவையும் உதிர்க்காது. பந்தல்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதை எடுக்க ஒட்டடைக் கம்போடு வருபவர் உதிர்க்கும் பூக்கள் தனி ஆய்வுக்குரியவை.