ஜிகினாப் பருவம்

எல்.கே.ஜி. வகுப்புக்கு வருஷத்தில் இரண்டே பருவம். ஜூனில் தொடங்குவது அழுகைப் பருவம். புரட்டாசியில் தொடங்கித் தை பிறக்கும்வரை நீள்வது ஜிகினாப் பருவம். முன்னதில் பிள்ளைகள் அழுவார்கள், பின்னதில் மிஸ்கள்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நெருக்கியடித்து நிற்பதால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்த ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சுகூட இல்லாமல் பாயில் உட்கார்ந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பவர்கள் என் மாணவர்கள். அம்மன் சப்பரங்கள் வரிசைகட்டும் தசராவும் இங்கே உண்டு, வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும் டிசம்பரும் உண்டு. ஆகவே எங்கள் வகுப்பு எந்தப் பண்டிகையையும் விட்டுவைக்க முடியாது. கொலு முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் நவம்பர் 14, பிறகு கிறிஸ்மஸ், அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தால் பொங்கல். நடுவே இடைவெளி விழுந்தால் வடகிழக்குப் பருவமழை வந்து நிரப்பும். கலெக்டர் லீவு விட்டாச்சா என்று காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில் கேட்கும் பெற்றோரின் ஆவலைப் பார்த்தால், அதையும் ஒரு பண்டிகையாகச் சேர்த்துவிடலாம்.

இத்தனைக்கும் பொதுவான பிரசாதம் ஜிகினாத் தூள். சரஸ்வதியின் வீணையில் தூவியது பொங்கல் சமயத்தில் என் காதுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்படும். வீட்டில் சாம்பாரில் மின்னுவது கடுகா, வகுப்பா என்று யாரும் விசாரிப்பதில்லை. என் வீட்டுக்காரர் ஒருமுறை கன்னத்தில் ஜிகினாவோடு வங்கிக்குக் கடன் கேட்கப் போய்விட்டார். மேனேஜர் மனுவைப் பார்க்காமல் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இவ்வளவு பளபளப்பான ஆளுக்குக் கடன் எதற்கு என்று நினைத்திருப்பார்.

இந்த வேலைக்கு நாங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். ஃப்ரோபெல் என்ற ஜெர்மன்காரர் 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் திறந்தார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். எல்.கே.ஜி.யின் நடுவில் நிற்கும் ‘கே’ அவர் போட்ட விதைதான். காகிதம் மடிப்பது, வெட்டுவது, பின்னுவது, களிமண் பிசைவது எல்லாம் அவர் வகுத்துக் கொடுத்த கைவேலைகள். செய்ய வேண்டியது பிள்ளையின் கை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1939-இல், மரியா மாண்டிசோரி அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை தானாகச் செய்யக்கூடிய காரியத்தில் பெரியவர்கள் கைவைக்கக் கூடாது என்பது அந்த அம்மாவின் கட்சி. இரண்டு பேரையும் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதி டிப்ளமா வாங்கியிருக்கிறோம். எழுதிய அதே கையால், டிசம்பர் இரவு பதினொரு மணிக்கு வீட்டுத் தரையில் உட்கார்ந்து, வகுப்பு மொத்தத்துக்கும் நட்சத்திரம் வெட்டுகிறோம்.

நடைமுறை இதுதான். மிஸ் வெட்டுவாள். ஆயாம்மா பசை தடவுவார். பக்கத்து வகுப்பு மிஸ் ஜிகினா தூவுவாள். கடைசியில் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் கட்டைவிரலைப் பிடித்து மூலையில் ஒரு அழுத்து. பத்திரப்பதிவு ஆபீஸில் கைநாட்டு வாங்குகிற அதே முறை. என்ன எழுதியிருக்கிறது என்று கைநாட்டு வைப்பவருக்கு அங்கேயும் தெரியாது, இங்கேயும் தெரியாது. கீழே பிள்ளையின் பெயரை எழுதிப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவோம். ‘சூப்பர்டா தங்கம்’ என்று அம்மாக்கள் எழுதுவார்கள். தங்கத்தின் இடத்தில் நானே நன்றி சொல்லிக்கொள்வேன், மனதுக்குள்.

அந்த நேரத்தில் தங்கம் என்ன செய்துகொண்டிருக்கும்? வேலை. தச்சர்களை மனதில் வைத்து 1959-இல் சந்தைக்கு வந்த ஃபெவிகாலுக்கு எங்கள் வகுப்பு கண்டுபிடித்த உபயோகம் வேறு. உள்ளங்கையில் மெல்லத் தடவி, ஊதிக் காயவைத்து, கிழியாமல் முழுசாக உரித்தெடுப்பது. அப்போது அந்த முகங்களில் இருக்கும் கவனத்தில் பாதி எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தால் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடியும். பண்டிகைக் காலத்தில் விளையாடுகிறவர்கள் நாங்கள்; பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள். இடையிடையே கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறோம்.

கொலுவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொம்மை கொண்டுவரச் சொன்னோம். படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்கிற முறையெல்லாம் சரியாகப் பார்த்து மூன்று படி கட்டினோம். வந்து சேர்ந்தவை டைனோசர், சோட்டா பீம், ஒரு கால் இல்லாத கரடி, பிறகு மஞ்சள் நிறத்தில் ஒரு ஜேசிபி. ஜேசிபியின் உரிமையாளர் மேல்படியைத் தவிர வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை. சரஸ்வதிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தபோதுதான், வகுப்பிலேயே சாஸ்திரம் தெரிந்தவன் அவன் என்பது எனக்கு உறைத்தது.

தீபாவளியில் சொல்ல அதிகமில்லை. சிவப்புச் சார்ட்டைச் சுருட்டிச் சரவெடி கட்டினோம். பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று சில வருஷங்களாக வரம்பு இருக்கிறது. வாயால் வெடிப்பதற்கு வரம்பில்லை. காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய ‘டமால்’ மதியம் வேன் கிளம்பியும் ஓயவில்லை. நவம்பர் 14 இன்னும் சுருக்கம்: வகுப்பில் பாதிப் பேர் நேரு. ஒரே சறுக்கு மரத்துக்கு ஏழு நேருக்கள் அடித்துக்கொண்டதில் ரோஜா எல்லாம் தரையில்.

கிறிஸ்மஸுக்கு வருகிறேன். இங்கேதான் எங்கள் நிர்வாகத் திறமை முழுசாக வெளிப்படும்.

முதலில் பனி. கிறிஸ்மஸ் தாத்தாவின் மூலவரான நிக்கோலஸ், இன்றைய துருக்கியின் தென்கரையில் மீரா என்ற ஊரில் பிஷப்பாக இருந்தவர். மத்தியதரைக் கடலோரம் அது. பனிச்சறுக்கு வண்டிக்கு அங்கே பெரிய வேலை இருந்திருக்காது. ஆனாலும் பாளையங்கோட்டையில் டிசம்பர் மூன்றாம் வாரம் பனி பெய்தே ஆக வேண்டும் என்று பெரிய மிஸ் சொல்லிவிட்டார். மருந்துக்கடையிலிருந்து பஞ்சு உருளைகள் வாங்கி வந்தோம். நான் முதல் உருளையைப் பிரித்ததுதான் தாமதம், முன்வரிசையில் ஒருத்தி பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள். “ஊசி வேண்டாம் மிஸ்!” பஞ்சைப் பார்த்ததும் அடுத்து வரப்போவது என்ன என்பது அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து மொத்த வகுப்பு. பனி பெய்த நாளில் அத்தனை பேரும் சுவரோடு சுவராக நின்றார்கள்.

பிறகு தாத்தா. சிவப்பு வெல்வெட் அங்கி வாடகைக்கு வந்தது. உள்ளே போக ஆள் வேண்டுமே. வேன் ஓட்டுகிறவருக்குத் தொப்பை பொருத்தமாக இருந்தது. மழைக்காலப் புழுக்கத்தில் வெல்வெட்டும் பஞ்சுத் தாடியுமாக மணியை ஆட்டிக்கொண்டு அவர் நுழைந்தார். பிள்ளைகள் பயப்படுவார்கள், சிலர் அலறுவார்கள், தூக்கிச் சமாதானப்படுத்த வேண்டும் என்று ஆளுக்கொரு மூலையில் தயாராக நின்றோம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை நாங்களே சரியாகக் கணிக்கவில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து வேஷம் கட்டுவார்கள். காளி, ராஜா, குரங்கு, கரடி, போலீஸ் என்று எது வேண்டுமானாலும். ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். பால் டம்ளரும் கையுமாக வாசலுக்கு வந்து, நாக்கைத் தொங்கவிட்ட காளியை நேருக்கு நேர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தாடி வைத்த ஒரு தாத்தாவையா கண்டு மிரளப் போகிறார்கள்? முன்வரிசைப் பையன் எழுந்தான். பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துத் தாத்தாவின் மூட்டைக்குள் போட்டான். கும்பிட்டான். நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றான். தாத்தாவும் வருஷா வருஷம் குலசைக்கு மாலை போடுகிறவர். அனிச்சையாக அவர் கை திருநீறு தேடி மடிக்குப் போய்விட்டது.

பெரிய மிஸ் இருமினார். அதற்குள் பின்வரிசையில் ஒருத்தி தாத்தாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏ, இது வேன் மாமா செருப்புல்லா!” என்று அறிவித்துவிட்டு, உண்மையான கவலையோடு கேட்டாள்: “மாமா, நீங்க இங்க வந்துட்டா வேன யாரு பாத்துக்கிடுவா?”

கடைசியாகக் கிறிஸ்து பிறப்பு நாடகம். எல்லா அம்மாக்களுக்கும் தன் மகள் மரியாளாக வேண்டும், தன் மகன் ராஜாவாக வேண்டும். மரியாள் ஒருத்திதான், அதில் சமரசத்துக்கு வழியில்லை. ஆனால் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் விஷயத்தில் வேதம் எனக்குக் கைகொடுத்தது. மத்தேயு சுவிசேஷத்தில் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கையே கிடையாது. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. நான் ஏழு சாஸ்திரிகளை மேடை ஏற்றினேன். ஒரு பாஸ்டரம்மா புருவத்தை உயர்த்தினார். வசனத்தை எடுத்துக் காட்டினேன், புருவம் இறங்கியது. காணிக்கை கிடைக்காத நாலு பேர் கையில் ஸ்நாக்ஸ் டப்பா கொடுத்து அனுப்பினேன். அதில் ஒருவர் பெத்லகேம் வந்து சேரும்முன் முறுக்கைத் தின்று முடித்துவிட்டார்.

யோசேப்பு மேலப்பாளையத்துப் பையன். மரியாள், கிருஷ்ண ஜெயந்திக்கு ராதையாக வந்தவள். அதே பட்டுப் பாவாடை, மேலே ஒரு நீலத் துப்பட்டா, அவ்வளவுதான் மாற்றம். பயப்படாதே என்று சொல்ல வேண்டிய தேவதூதன், கூட்டத்தைப் பார்த்துப் பயந்து அழுதான். மரியாள் எழுந்து போய் அவன் இறக்கையைச் சரிசெய்து, மூக்கைத் துடைத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்த வசனத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆட்டு வேஷம் கேவலம் என்று நினைக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அன்று மேடையில் தங்கள் பாத்திரத்தைக் கடைசிவரை விடாமல் செய்தவை ஆடுகள்தான். ஒன்று மட்டும் குரைத்தது.

2023-இல் நாடகம் நடக்கவில்லை. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்கள் மாவட்டத்தையும் தூத்துக்குடியையும் புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. இறக்கைகளும் கிரீடங்களும் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன, யாரும் கேட்கவுமில்லை.

பொங்கலுக்குத் துணியும் கரும்பும் போதும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கலாம். பையன்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி. ஒட்டுகிற பட்டையைக் கர்ரென்று பிரிப்பதும் திரும்ப ஒட்டுவதும்தான் அந்த வேட்டியின் பயன் என்று பையன்கள் ஒருமனதாக முடிவு செய்துவிட்டதால், குலவை போடும் நேரத்தில் பாதி வேட்டிகள் தரையில் கிடந்தன. பனங்கிழங்குக் கட்டைப் பிரித்து வாள்சண்டை நடந்தது. பொங்கல் எப்போது பொங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. ஆயாம்மா மட்டும் பார்த்து அடுப்பை அணைத்தார்.

ஆனால் பெரிய விவகாரம் வீட்டுப்பாடம். ‘பொங்கலை முன்னிட்டுக் குடிசை மாதிரி ஒன்று, பிள்ளைகளே செய்து வரவும்’ என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். ‘பிள்ளைகளே’ என்பதன் கீழே கோடும் போட்டோம். மறுவாரம் பள்ளி வாசலில் கார் டிக்கிகள் திறந்தன. ஐஸ் குச்சியில் ஓட்டு வீடு. நிஜத் தென்னங்கீற்று வேய்ந்த கூரை, உள்ளே பல்பு. கிணறு, கிணற்றில் மோட்டார், மோட்டாரில் தண்ணீர். இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கி வந்த ஒன்றில் மாட்டுத் தொழுவம், வைக்கோல்படப்பு, எல்லாம் அளவு பிசகாமல். இவற்றுக்கு நடுவே ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி, அதன் மேல் கிரேயானில் ஒரு கட்டம். கொண்டுவந்தவளிடம் கேட்டேன். “வீடு மிஸ். இது கதவு. பூட்டியிருக்கு.”

“உள்ள யாரு இருக்கா?”

“ஒருத்தருமில்ல. எல்லாரும் மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க.”

எல்.கே.ஜி.யில் எல்லாருக்கும் முதல் பரிசு என்பது எங்கள் சட்டம். ஆளுக்கொரு பென்சில் பாக்ஸ் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் காலை தொழுவக்காரரின் அப்பா வந்துவிட்டார். கட்டடத் துறை இன்ஜினியர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“என்ன மிஸ் இது, அந்த அட்டைப்பெட்டிக்கும் முதல் பரிசு, என்னுதுக்கும் முதல் பரிசா?”

“உங்களுதா சார்?”

கொஞ்சம் தடுமாறினார். “தம்பியும் கூட உக்காந்திருந்தாம்லா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்.”

“தம்பி என்ன சார் செஞ்சான்?”

“பத்து மணிக்கே தூங்கிட்டான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆண்டு விழாவுக்கு ஏதும் செய்யணும்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருங்க மிஸ்” என்றார். “ஆபீஸ்ல லீவு எழுதிக் கொடுக்கணும்.”