பிட்கெய்ர்னுக்கு ஒரு டிக்கெட்

தென் பசிபிக்கில் இருக்கும் பிட்கெய்ர்ன் தீவுக்குப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. 1767-இல் அதைக் கண்ட பிரிட்டிஷ் கப்பல் கேப்டன் கார்ட்டரெட், வரைபடத்தில் இடம் மாற்றிக் குறித்துவிட்டார். பிரிட்டிஷ் கடற்படையின் பவுன்டி கப்பலைக் கலகம் செய்து கைப்பற்றி, 1790-இல் இங்கே வந்து ஒளிந்தவர்களுக்கு அந்தப் பிழையே அரண்; யாரும் கண்டுபிடிக்காதபடி கப்பலையும் கொளுத்திவிட்டார்கள். (பிரிட்டிஷ் கடற்படைக்குப் பயந்து ஒளிந்த அந்த ஊர் இன்று பிரிட்டனின் ஆட்சிப்பகுதி.) யாரும் எளிதில் வர முடியாத அந்த ஏற்பாடு இன்றும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. விமான நிலையம் கிடையாது. டஹிட்டிக்குப் பறந்து, மங்கரேவாவுக்கு மறுபடி பறந்து, பிறகு ஒன்றரை நாள் கப்பல். அதுவும் கரையைத் தொடாது. அலை ஆடும்போது படகுக்கு மாற வேண்டும். இறங்கியதும் எதிரே நிற்கும் செங்குத்தான ஏற்றத்தின் பெயரே ‘கஷ்ட மலை’. எச்சரிக்கவில்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது.

கஷ்டப்பட்டுப் போவதில்தான் சுகம் என்பார்கள். இருக்கலாம், ஆனால் அதில் முக்கால்வாசி திரும்பி வந்து சொல்லிக்கொள்ளும் சுகம். தனிமை தேடிப் போகிறோம் என்ற வாதமோ இன்னும் நோஞ்சான். ஏறத்தாழ ஐம்பதே பேர் வாழும் ஊரில், கப்பலிலிருந்து இறங்கியவர் இன்னார் என்று தெரியாதவர் யார் மிஞ்சுவார்? யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டுமென்றால் லண்டன் சுரங்க ரயிலில் நிற்கலாம், டிக்கெட்டும் மலிவு.